பாதிரியாரின் பெட்டியைப் பங்கு வைத்த விவரம்

அன்பு மகன் ப்ரூனோவுக்கு, லமகனிலிருந்து உன் அப்பா லூக்காஸ் தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் நலம், பன்றிகள் நலம், போன புயல் கோழிக்கூட்டின் தகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்று. மணிலாவில் நீயும் நலமாக இருந்து நேரத்துக்குச் சாப்பிடுவாய் என்று நம்புகிறேன்.

இவ்வளவு எழுதவே ஒரு காலைப்பொழுது ஆகிவிட்டது. முடித்ததும் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், எழுத்துகள் கோணலாக நின்றாலும் நான் சொன்னதையே சொல்கின்றன, ஒன்றுகூட மாற்றிப் பேசவில்லை. மிஸ் தொமிங்கா முதியோர் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்தது காற்புள்ளிதான், முற்றுப்புள்ளி வைத்தால் நிற்க வேண்டும், காற்புள்ளி போட்டால் இறக்கத்தில் போவது போலப் போய்க்கொண்டே இருக்கலாம். உன் அம்மா இருந்தவரை உன் கடிதங்களை அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். அவள் போன பிறகு வந்த கடிதம் அடுப்புக்கு மேலே வெகுநாள் கிடந்தது. யாரிடம் கொண்டுபோய் நீட்டினாலும் நம் வீட்டுச் செய்தி ஊருக்குத் தெரிந்துவிடும், அதனால்தான் பல்லெல்லாம் போன வயதில் நான் சிலேட்டைத் தூக்கினேன்.

இனி நீ கேட்ட பெட்டிக்கு வருகிறேன். உட்கார்ந்துகொண்டு வாசி.

அமெரிக்காவிலிருந்து வந்து நெடுங்காலம் நம் ஊரில் பாதிரியாராக இருந்த வெதர்பி, பெரியவர் என்ற மரியாதையில் நாம் ‘அப்போ’ என்று கூப்பிடுவோமே, அவர் கோயில் மச்சில் விட்டுப்போன தகரப் பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். பழைய பாதிரிமார்களின் நாட்குறிப்பு, கடிதம், பிரசங்கம் எல்லாவற்றையும் சேர்த்து வைப்பதுதான் உன் வேலை என்றும், கிறிஸ்துமஸுக்குள் பெட்டி வந்துவிடும் என்று மேலதிகாரியிடம் வாக்குக் கொடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஊர்க்கூட்டம் நடக்கும் தப்-அய்க்குப் போனேன். பெரியவர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நானே வாசிக்கிறேன் என்றேன், ஊர் நடுவில் நான் வாசிப்பது அதுதான் முதல் முறை, விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நடந்து போனேன். முதல் பக்கத்தின் கடைசி வரி, ‘அப்போ வெதர்பியின் தாள்கள் ஒருவருக்குச் சொந்தமல்ல, அவை எல்லோருக்கும் சொந்தம்’ என்பது. அந்த வரியைத் தடுக்காமல் முடித்த சந்தோஷத்தில் நிமிர்ந்து எல்லோரையும் ஒருமுறை பார்த்தேன், யாரோ நீட்டிய புகையிலையை வாங்கினேன், பிறகு தாளைத் திருப்பப் பார்த்தால் அது மடிப்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதற்குள் மூத்தவர் கபுயான் எழுந்துவிட்டார்.

“பையன் சரியாத்தான் சொல்லியிருக்கான். எல்லாருக்கும் சொந்தம்னா பங்கு வெச்சிடுவோம்.”

இன்னும் ஒரு பக்கம் இருக்கிறது என்றேன்.

“நீ அதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள இங்க பாதிப் பேர் பொதகுழிக்குப் போயிருப்போம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒரு தாள்கூட இடம் மாறாமல் பெட்டியை அப்படியே பூட்டி அனுப்பவும் என்று நீ எழுதியிருந்த இரண்டாம் பக்கத்தை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன்.

விருந்துப் பன்றிக் கறியை எப்படிப் பங்கு வைப்பார்கள் என்று உனக்குத் தெரியும், இதையும் அப்படியே வைத்தார்கள். கோயில் முற்றத்தில் வாழை இலை விரித்தார்கள், விருந்துக்குப் பன்றி அறுக்கும் ஆட்களே வந்தார்கள், தடித்த புத்தகங்களின் முதுகை வெட்டுக்கத்தியால் பிளந்தார்கள், ஒரு வீட்டுக்குக் கூடாமலும் ஒரு வீட்டுக்குக் குறையாமலும் குவியல் போட்டு, மூங்கில் நாரில் கோத்து, வீட்டுப் பெயரைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகளுக்கு ஒரு தாள் கூடுதல். இப்போதைய பாதிரியார் கூட்டத்துக்காக போன்டோக் போயிருந்தார், திரும்பி வந்தபோது அவருக்குரிய பங்கைக் கையில் கொடுத்தார்கள், மனிதர் அதைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அப்புறம்தான் சச்சரவு. அப்போ வெதர்பி கடிதமும் பிரசங்கமும் இங்கிலீஷில் எழுதினார், நாட்குறிப்பை மட்டும் பழக்கத்துக்காக நம் பேச்சில் எழுதினார். ஆகவே இங்கிலீஷ் கிடைத்தவர்கள் எலும்பு என்றார்கள், நம் பேச்சு கிடைத்தவர்கள் கொழுப்பும் கறியும் என்று சப்புக்கொட்டினார்கள். கபுயானின் மருமகளுக்கு முழுக்கப் பிரசங்கம், எங்கள் வீட்டுக்கு எப்போதும் எலும்புதான் என்று மாமனாரிடம் அன்று முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லா வீட்டிலும் தாள்கள் அடுப்புக்கு மேலே தொங்குகின்றன, பங்கை வேறெங்கே தொங்கவிடுவது. உன் நெஞ்சு வலிக்கும் என்று தெரியும். புகை பட்டால் கரையான் வராது என்கிறார்கள்.

எனக்குக் கிடைத்தது கோயில் கூரைக்கு வந்த ஆணிகளைப் பற்றிய பக்கம். ஆணிகள் பாதி வளைந்திருந்தனவாம். அதையும் ரசித்து வாசித்தேன். அதன் பிறகு எழுத்தறியாத கிழடுகள் எல்லாம் தங்கள் பங்கைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்கள், என் ஆயுளில் என் வாசலில் யாரும் இப்படிக் காத்து நின்றதில்லை. தாய்னான் கிழவியின் அரிசிக் கள்ளைக் குடித்துவிட்டு அப்போ வெதர்பி இரண்டு நாள் படுக்கையில் கிடந்தாராம், அதை வாசித்தால் கோபிப்பாளோ என்று பயந்தேன், அவளோ “ரெண்டு நாளா, அப்ப நல்லாத்தான் ஊறியிருக்கு” என்று நிமிர்ந்து நடந்து போனாள்.

கடைசியாக தொகாவ் வந்தான். கீழ் வயல்காரன், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சில்லை, அவன் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள். தாளை நீட்டினான். நானும் வாங்கி வாசித்தேன். நடுவில் ஒரு பெயரைத் தாண்டிப் போய்விட்டு, நின்று, விரலைப் பின்னால் கொண்டுவந்தேன்.

‘இன்று மழை. துணி துவைக்கும் யூலாலியா வந்து எழுத்துச் சொல்லிக்கொடுங்கள் என்றாள். எதற்கு என்றேன். நான் கட்டிக்கொள்ளப் போகிறவனுக்கு எழுத்துத் தெரியாது, வீட்டில் ஒருத்தருக்காவது தெரிய வேண்டாமா என்றாள். சிலேட்டைக் கொடுத்தேன். மாலை வரை மழை விடவில்லை.’

“ஏன் நின்னுட்ட, எழுத்து தீந்துபோச்சா?” என்றான் தொகாவ்.

“என் யூலாலியா இருக்கா இதுல” என்றேன்.

ஆணிப் பக்கத்தையும் ஒரு முட்டைக் கோழியையும் தருகிறேன், இதைக் கொடு என்று கேட்டேன். பெரியவர்கள் கையால் வந்த பங்கை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கீழே போய்த் திரும்பிப் பார்த்தான். “எனக்குப் படிக்கத் தெரியாது. கேக்கணும்னா நீதான் வந்து படிக்கணும்.”

இப்போது தினமும் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போகிறேன். காப்பி வைக்கிறான், நான் வாசிக்கிறேன், மழை விடவில்லை என்ற இடத்தை இன்னொரு தடவை வாசி என்கிறான். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது, ஆனாலும் விரலை வைத்தே வாசிக்கிறேன், விரல் அவள் பெயருக்கு வந்து சேர்வதற்குக் கொஞ்ச நேரம் ஆகிறது அல்லவா, அந்த நேரம் எனக்கு வேண்டியிருக்கிறது.

ஆகவே மகனே, பெட்டி வராது. கபுயானிடம் கேட்டுப் பார்த்தேன், பங்கைத் திருப்பிக் கேட்பது அந்த வீட்டின் முகத்தில் துப்புவது என்கிறார். உன் பங்கும் தொங்குகிறது, இங்கிலீஷ்தான், மன்னித்துக்கொள், ஆனால் வெளியூரில் இருப்பவன் தானே வந்து கைநீட்டி வாங்க வேண்டும், பங்கைத் தபாலில் போடுவது எந்தக் காலத்திலும் இல்லை என்கிறார். உண்மையைச் சொன்னால், எல்லோரும் திருப்பிக் கொடுத்தாலும் அந்த ஒரு பக்கத்தை நான் விடமாட்டேன். கையுறை போட்டுக்கொண்டு தொட வேண்டிய பூட்டிய அறையில் அவளைக் கொண்டுபோய் வைக்க எனக்கு மனமில்லை. கோபம் இருந்தால் என் மேல் காட்டு, ஊர் மேல் காட்டாதே.

உன் காலடி வழுக்காமல் இருக்கட்டும், உன் பானை காலியாகாமல் இருக்கட்டும், அப்போவின் ஆண்டவரும் நம் முன்னோரும் உன் விஷயத்தில் சண்டையில்லாமல் சேர்ந்து காக்கட்டும்.

உன் அப்பா,
லூக்காஸ் போலிங்கெட்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது தொகாவ் வந்தான். என்ன எழுதினாய் என்று கேட்டான், முழுக்க வாசித்துக் காட்டினேன். வாய்க்கால் விஷயத்தில் தப்பு உன்னுடையதுதான், அதையும் எழுது என்றான், எழுதிவிட்டேன். பிறகு வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எடுத்து வந்தான்.

“உள்ள போடு. அவன் அம்மாவப் பொதைச்ச அன்னிக்கு மலை சரிஞ்சு ரோடு மூடிக்கெடந்துது, பையனால வர முடியல. சாவு விருந்துல அவன் பங்குக் கறிய நீ அடுப்புக்கு மேல தொங்கவிட்ட. அது காஞ்சு கருகிப்போற வரைக்கும் நீ எறக்கவே இல்ல, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன்.”

பங்கைத் தபாலில் போடக்கூடாதே என்றேன். “கபுயான்கிட்ட நீ சொல்லப் போறியா, நான் சொல்லப் போறேனா?” என்றான்.

உள்ளே வைத்திருக்கிறேன். எங்களுக்குத் தாள் தேவையில்லை, அவன் மனப்பாடமாகச் சொல்வான், தப்பு விட்டால் நான் திருத்துவேன். ஆனால் இது உன் அலுவலகத்துக்கு இல்லை, பெட்டியில் வைக்காதே, எண் போடாதே. மேலதிகாரி கேட்டால், லமகனில் எலிகள் அதிகம் என்று சொல்லிவிடு.