நாஷ்டா காகாவின் ஒரே கேள்வி

எதிரில் வருவது மனிதனா, மந்திரியா, எருமையா என்று பார்க்காமல், முதல் வார்த்தையாக "காலைல என்ன சாப்ட்டீரு?" என்று கேட்ட ஒரே ஆள் இந்தப் பூமியில், மராத்தி ஊரான எங்கள் நிக்டியின் நாஷ்டா காகாதான். "வணக்கம்" என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டவர்கள் கிடையாது. லைசென்ஸ் கேட்டு மறித்த டிராஃபிக் போலீஸ்காரரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். ஊசியோடு வந்த டாக்டரிடம் கேட்டார். தாலி கட்டி முடித்து நிமிர்ந்த மாப்பிள்ளையிடம் கேட்டார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில், நல்லவேளை, படுத்திருந்தவரை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் மட்டும் கேட்டார்.

ஒரு தடவை எங்கள் காலனியில் சைக்கிள் திருடன் ஒருவன் பிடிபட்டான். ஆளாளுக்குச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றபோது, காகா கூட்டத்தை விலக்கி உள்ளே போய் அவனிடமும் அதையே கேட்டார். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்று காலையா, நேற்றுக் காலையா என்று திருப்பிக் கேட்டான். அவ்வளவுதான். காகா அவனைக் கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போய் ஒரு தட்டு அவல் உப்புமா கொடுத்தார். தின்றவன் பின்கதவு வழியாகப் போய்விட்டான், தட்டோடு. காலனியே கொதித்தது. காகா மட்டும், "தட்டு இல்லாம நாளைக்கு எதுல வச்சுத் திம்பான்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய உண்மைப் பெயர் கதவில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை. மராத்தியில் நாஷ்டா என்றால் காலைப் பலகாரம், காகா என்றால் சித்தப்பா. காலனிப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. சேலத்திலிருந்து வந்திருந்த என் மாமியார், "பாக்க நல்லாத்தானே இருக்காரு, ஏன் அவரைப் போய்க் காக்காங்கறீங்க?" என்று இரண்டு நாள் எங்களிடம் பேசவில்லை.

ஆள் தூத்துக்குடிக்காரர். பக்கத்துப் போசரியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகள் ஊரின் மறுகோடியில், வானவடியில், மிலிட்டரி மாப்பிள்ளையோடு. ஒரு மொபெட், அதன் கைப்பிடியில் தொங்கும் மூன்றடுக்குத் தூக்கு, அந்தக் கேள்வி. இவைதான் அவர் சொத்து.

நானோ எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தைக் கும்பிட்டுவிட்டு வந்தவன். போசரியில் லேத் மெஷினில் நின்றுகொண்டிருந்தேன். கவலைப்படுவதில் மட்டும் நான் பட்டதாரி. வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்து, பஸ் ஸ்டாப் வரை போய், இழுத்தது நம் வீட்டுப் பூட்டைத்தானா என்ற சந்தேகத்தில் திரும்பி வருகிற ஜாதி. இப்படி ஓடுவதில் பல நாள் காலையில் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன். வாசலில் காகா கேட்டால் "இட்லி சார்" என்பேன். அது போதாது. எத்தனை, என்ன சட்னி, மாவு நேற்று அரைத்ததா என்று துணைக் கேள்விகள் வரும். இல்லாத இட்லிக்குச் சட்னி யோசித்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்ட நாட்கள் உண்டு.

தொண்ணூறுகளின் கடைசியில், எங்கள் பகுதியில் சிலர் சேர்ந்து ஒரு தானிய பேங்க் நடத்தினார்கள். பேங்க் என்றால் கவுண்டர் எல்லாம் இல்லை. கணபதி மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறை, அதில் நான்கு இரும்புப் பீப்பாய். வீடுகளிலிருந்து வரும் அரிசி, பருப்பு, கோதுமை அதில் விழும். பக்கத்தில் கட்டடம் கட்டிக்கொண்டிருந்த கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்கு மத்தியானம் அதிலிருந்து சோறு போகும்.

காகா ஒருநாள் அந்தப் பிள்ளைகளிடம் தன் கேள்வியைக் கேட்டுவிட்டார். இருபது பிள்ளைகளுக்கு மேல் இருக்கும், பதில் ஒன்றுதான். திரும்பி வந்தவர் மொபெட்டை ஸ்டாண்டு போடாமலே இறங்கினார். அது விழுந்தது. அதைத் தூக்கக்கூட இல்லை.

"பேங்க்குன்னு பேரு வச்சிருக்கானுவோ, காலைல தொறக்க மாட்டானுவளாம். மத்தியானம் வரைக்கும் அந்தப் பிள்ளைக என்னத்தவே திங்கும், செங்கலையா?"

மறுநாளே நிக்டியில் உள்ள பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியையைப் பார்த்தார். மாணவர்களே வீடு வீடாகப் போய்க் காலைப் பலகாரத்துக்கான சாமான்களைத் திரட்டி பேங்க்கில் சேர்ப்பது என்பது அவர் திட்டம். அந்த அம்மா நல்லவர், ஆனால் கறார். முதலில் ஒரு சனிக்கிழமை செய்து பார்க்கலாம், ஒழுங்காக நடந்தால் மாதா மாதம் நடத்தலாம், குளறுபடி ஆனால் அத்தோடு சரி என்று சொல்லிவிட்டார். காகா அன்று சந்தோஷத்தில் காலனி எருமைகளிடம்கூடக் கேள்வி கேட்டார்.

முதல் நாள் அங்கேயே அடுப்பு மூட்டி ஷீரா கிண்டுவதாக ஏற்பாடு. நம் ஊர்க் கேசரியின் மராத்தித் தங்கை அது. வீடுகளுக்குக் கொடுக்க மராத்தியில் ஒரு நோட்டீஸ் வேண்டும். காகாவுக்கு அத்தனை வருஷம் இருந்தும் மராத்தி வராது; ஹிந்தியையே தூத்துக்குடி வழியாகத்தான் பேசுவார். என்னிடம் வந்தார்.

"நீரு பட்டறைல மராட்டிக்காரன் கூடவே நிக்கிறவருல்லா. எழுதித் தாரும்வே."

எழுதித் தா என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. எட்டாம் வகுப்புக்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். முடியாது என்று சொல்ல மனசு வரவில்லை. எழுத்துகளை பஸ் போர்டு பார்த்துப் பார்த்தே கற்றிருந்தேன். அவல், ரவை, நிலக்கடலை, எண்ணெய் நான்கும் வந்துவிட்டன. சர்க்கரைக்கு வார்த்தை தெரியாமல் நின்றுவிட்டேன். மனைவியும் மகளும் ஊருக்குப் போயிருந்தார்கள். கடைக்குப் போவது மனைவிதான், அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் கேட்கலாம். கேட்டால், இது கூடத் தெரியாதவனா நோட்டீஸ் எழுதுகிறான் என்று நினைப்பார்களோ என்று கவலை.

பட்டறையில் நான் கண்டுபிடித்த இலக்கணம் ஒன்று உண்டு: ஹிந்தி வார்த்தையின் வாலை நறுக்கினால் மராத்தி வந்துவிடும். பாதி நேரம் பலிக்கும். ஹிந்தியில் இனிப்பு 'மீட்டா'. வாலை நறுக்கினேன். 'மீட்' என்று வந்தது. அந்த வார்த்தையைக் கடைப் பலகைகளிலும் பார்த்த ஞாபகம் இருந்தது. துணிச்சலாக எழுதினேன். ஷீராவுக்குச் சர்க்கரை நிறைய வேண்டுமே என்று, 'தாராளமாகக் கொடுக்கவும்' என்று பக்கத்தில் அடைப்புக்குறி வேறு போட்டேன்.

மராத்தியில் மீட் என்றால் உப்பு.

நோட்டீஸைத் தலைமையாசிரியையும் பார்த்தார். சமையலுக்கு உப்பு வேண்டியதுதானே என்று விட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை காலை பிள்ளைகள் கும்பல் கும்பலாகக் கிளம்பினார்கள். நிக்டிக் குடும்பங்கள் நோட்டீஸைப் படித்துப் பூரித்துப் போயிருக்க வேண்டும். இவ்வளவு மலிவாகப் புண்ணியம் கிடைப்பது எப்போது? ரவையும் அவலும் பிடி பிடியாக வந்தன. உப்பு பாக்கெட் பாக்கெட்டாக வந்தது. ஒரு வீட்டில் மாவரைக்கும் மில்லுக்குப் போகிற பெரிய பையில் கல்லுப்பையே கொட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதை இரண்டு பிள்ளைகள் பல்லக்கு போல் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பள்ளிக்கூட ஹாலில் அது மலைபோல் குவிந்தது. காகா விசில் ஊதி ஊதி வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். வெளியே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கட்டடத்துப் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சர்க்கரை என்று நினைத்து ஒரு பாக்கெட்டைப் பிரித்த காகா விரலில் தொட்டு நாக்கில் வைத்தார். இன்னொன்றைப் பிரித்தார். மூன்றாவதைப் பிரிக்கவில்லை. தூத்துக்குடிக்காரருக்கு உப்பை இரண்டு தடவைக்கு மேல் ருசி பார்க்க வேண்டியதில்லை.

தலைமையாசிரியை வந்து நின்று, "காகா, ஏவ்டம் மீட் கஷாலா?" என்றார். இவ்வளவு உப்பு எதற்கு என்று அர்த்தம். நோட்டீஸை வாங்கிப் பார்த்தார். சர்க்கரை எங்கே, இதை எழுதியது யார் என்று கேட்டார்.

நான் ரவை மூட்டைக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். மூட்டையின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினேன். என் மகளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு அந்த மாதம்தான் மனு கொடுத்திருந்தேன்; அது காகாவுக்கும் தெரியும். தகப்பனார் படிப்பு என்ற கட்டத்தில் 'எட்டாம் வகுப்பு' என்று எழுதியிருந்தேன். அந்தக் காகிதம் அந்த அம்மாவின் மேஜையில் இருந்தது. உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாத எட்டாம் வகுப்பின் மகளுக்கு இடம் எப்படிக் கிடைக்கும்? இது பயமா, கணக்கா, இன்று வரை எனக்குத் தெரியவில்லை. வாய் திறக்கவில்லை.

காகா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "மைனே லிகா, மேடம்" என்றார். நான்தான் எழுதினேன்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. உப்பையும் சர்க்கரையையும் மாற்றுகிறவரை நம்பிப் பிள்ளைகள் வாயில் போகிற பண்டத்தை ஒப்படைக்க முடியாது என்று மெதுவாகச் சொன்னார். மெதுவாகச் சொன்னதால்தான் முடிவாகச் சொல்கிறார் என்று புரிந்தது. மாதா மாதம் என்பது அங்கேயே முடிந்தது.

ஷீராவுக்குப் பதில் அன்று ரவா உப்புமா. பிள்ளைகள் நன்றாகத்தான் சாப்பிட்டார்கள். உப்பு மலையை காகா மொபெட்டில் ஏற்றி ஏற்றி, அப்பளமும் ஊறுகாயும் போட்டு விற்கும் பெண்கள் குழு ஒன்றிடம் கொடுத்து, அவர்களிடமிருந்து அவல் வாங்கி தானிய பேங்க்கில் போட்டார். சில வாரம் காலையில் பேங்க் திறந்திருந்தது. அவல் தீர்ந்ததும் மூடிக்கொண்டது.

ஆனால் பெயர் மூடிக்கொள்ளவில்லை. நாஷ்டா காகா 'மீட் காகா' ஆனார். தெருமுனையில் அவர் யாரிடமாவது என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், "மீட் கால்லம், காகா" என்று பதில் வரும். உப்புத் தின்றேன் சித்தப்பா. பக்கத்தில் நிற்கிறவன் சிரிப்பான். தமிழ்க்காரர்கள் இன்னும் மோசம். தூத்துக்குடிக்காரனுக்கு உப்பே உலகம் என்றார்கள். முதலில் காகாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு தெரிந்தவர்களிடம் மட்டும் கேட்டார். பிறகு, என்னிடம் உட்பட, யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டார். மொபெட் என்னைத் தாண்டிப் போகும். தலையை மட்டும் ஆட்டுவார். இல்லாத இட்லிக்கு நான் சட்னி யோசித்து வைத்திருப்பேன், கேட்பாரில்லாமல்.

ஜூன் மாதம் என் மகளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் காகா வீட்டைக் காலி செய்துகொண்டு வானவடிக்கு மகளோடு போய்விட்டார்.

போய்ப் பார்க்க வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நினைப்பதில் நான் கெட்டிக்காரன். போனால் திட்டுவாரோ, திட்டாவிட்டால் இன்னும் கஷ்டமோ, மகள் முன்னால் எப்படிச் சொல்வது என்று கவலைப்பட்டே ஐந்தாறு வருஷம் ஓட்டினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன். வழி நெடுக வசனம் ஒத்திகை. சிவாஜி நகர் சிக்னலில் பக்கத்துக்காரன் என்னைத் திரும்பிப் பார்த்தான். சத்தமாகவே ஒத்திகை பார்த்திருக்கிறேன்.

காகா மெலிந்திருந்தார். நாற்காலியில் உட்கார வைத்தார். ஊர் விசாரித்தார், பட்டறை விசாரித்தார். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை. நான் காத்திருந்தேன். வரவில்லை. ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் மறந்துபோய், கேட்காத கேள்விக்கு நானே பதில் சொன்னேன்.

"காலையில ஒண்ணும் சாப்பிடலை சார்."

அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான். எழுந்து சமையலறைக்குப் போனார். மகளை உள்ளே விடவில்லை. கால் மணி நேரத்தில் ஒரு தட்டு அவல் உப்புமாவோடு வந்தார். நான் பாதி தின்றபிறகு, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"அன்னிக்கு ஏன் சார் நீங்க எழுதுனதா சொன்னீங்க? நான்தானே சார் எழுதுனேன்?"

"பாப்பா பள்ளிக்கூடம் போவணும்லா. எனக்கு என்னவே? தூத்துக்குடிக்காரன் உப்புக்குப் பேரு வாங்குனா குத்தமா?"

பிறகு பாப்பா எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டார். ஏழாவது என்றேன். இன்னும் இரண்டு வருஷத்தில் உம்மைத் தாண்டிவிடுவாள் என்று சிரித்தார். காலையில் என்ன சாப்பிட்டுவிட்டுப் போகிறாள் என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்டதும் எத்தனை இட்லி, என்ன சட்னி, மாவு எப்போது அரைத்தது என்று ஒன்றுவிடாமல் உண்மையையே சொன்னேன்.

பள்ளிக்குப் போய் அந்த அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று திரும்பும் வழியில் முடிவு செய்தேன். விசாரித்தால் அவர் மாற்றலாகிப் போய் வெகு நாளாயிற்று. அந்த மழைக்காலத்தில் காகா காலமாகிவிட்டார். மாதம் ஒரு சனிக்கிழமை என்றால் இத்தனை வருஷத்தில் எத்தனை சனிக்கிழமை, எத்தனை தட்டு போயிற்று என்று எனக்குக் கணக்கு வராது. கணக்கு வந்தால் தூக்கம் வராது.

நிக்டியில் அந்தக் காலத்தில் குடியிருந்த யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து தெரிந்துகொள்ளுங்கள்: 'மீட்' என்று எழுதியது காகா இல்லை, நான். அவர் பெயர் நாஷ்டா காகா மட்டும்தான்.

இப்போதெல்லாம் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கும்போது, யாரும் கேட்காவிட்டாலும், பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். இன்று காலை அவல் உப்புமா, சார். உப்பு கொஞ்சம் தூக்கல்தான்.