மருந்துக்கும் ஒரு ஆள்

மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தும் கஷாயம் தொண்டையிலேயே நின்றது. எதிர்வீட்டு டீச்சர் வாசலிலேயே நின்றார்.

"அடியில கொஞ்சம் இருக்கு. அதையும் குடிங்க."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் குடித்தார். சர்க்கரைக்கு மூலிகைதான் நல்லது என்று டீச்சர் ஆரம்பித்து வைத்த பழக்கம். குடித்தபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்று முதல் நாள் சொன்னதையும் அவர் மீறியதில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரையும் காலையில் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. சொன்னால் கஷாயம் நின்றுவிடும், அப்புறம் அவர் கதவைத் தட்ட ஆள் கிடையாது. மனைவி போன பிறகு வீட்டில் பேச்சுச் சத்தம் மருந்துக்கும் இல்லை. இப்போது மருந்துக்காவது இருந்தது.

அன்று கடையில் தலை சுற்றியது. வலது லென்ஸை இடப்பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டார். வாடிக்கையாளர் அதைப் போட்டுக்கொண்டு, வாசல் என்று நினைத்து நிலைக்கண்ணாடிக்குள் நுழையப் பார்த்தார்.

"யாருய்யா நீ, வழிய மறிச்சிக்கிட்டு?" என்று தன்னையே அதட்டினார்.

இரண்டில் ஒன்றை நிறுத்தியாக வேண்டும். மாத்திரையை நிறுத்தினார். சர்க்கரை விறுவிறுவென்று ஏறியது. பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், "டோஸ் பத்தலை" என்று மாத்திரையை இரட்டிப்பாக்கினார்.

பயந்துபோய் மாத்திரையை ஒழுங்காகப் போட்டார். கஷாயத்தைத் தொட்டியில் ஊற்றிவிடத் தீர்மானித்தார்.

"வச்சிட்டுப் போங்க டீச்சர், அப்புறம் குடிக்கிறேன்."

"பரவாயில்ல, மெதுவா குடிங்க. டம்ளரைக் கையோட எடுத்துட்டுப் போறேன்."

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்கால் வலி, குழாயில் வராத தண்ணீர், ஊர் மாறிப் போன மகன் போனை எடுக்காதது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அதைக் கேட்பதற்காகவே கடைக்காரர் சொட்டுச் சொட்டாகக் குடித்தார். தொட்டிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கியவர் அப்படியே சாய்ந்தார். கண் விழித்தபோது கிளினிக் கட்டிலில், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டினார்.

"எந்த மூலிகை சாப்பிட்டாலும் முதல்ல எங்கிட்ட சொல்ல வேணாமா? கஷாயத்தை இன்னியோட நிறுத்துங்க."

"அதுக்குப் பதிலா மாத்திரையை நிறுத்திக்கலாமா டாக்டர்?"

"ஏன்?"

அவர் கூரையைப் பார்த்தார். "மாத்திரை வீட்டுக்கு வந்து உக்காந்து பேசாது."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். நர்ஸ் ஊசியைக் கழற்ற வந்தாள்.

"சிஸ்டர், டீச்சர் மனசு நோகாம எப்படிச் சொல்றது? நாளையிலேருந்து வர மாட்டாங்களே."

"கஷாயத்தால மயக்கம் வரல சார். டபுள் மாத்திரையைப் போட்டுட்டு ஒரு மணி நேரம் பட்டினி கிடந்தா வேற என்ன வரும்?"

"அப்ப கஷாயம்?"

நர்ஸ் டாக்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"முழங்கால் வலிக்கு இங்க வந்த டீச்சர், நீங்க மாத்திரை வாங்குறதைப் பாத்த அன்னிக்கே மூலிகையை நிறுத்திட்டாங்க சார், 'தேயிலையைத்தான் கசக்கக் கசக்கக் காய்ச்சித் தரப்போறேன், அவர்கிட்ட சொல்லிடாதம்மா, அப்புறம் எந்தச் சாக்குல கதவைத் தட்டுறது'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுப் போனாங்க."