இன்ஸ்பெக்டர் உட்கார்ந்த நாற்காலிக்குப் போட்டி

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நம்பியவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் மொரப்பூரிலிருந்த என் தாய்மாமன். இன்னொருவர் நான்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலம். காரிமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்குத் தற்காலிக வாத்தியார் வேலை. "வேலை நெலைக்கட்டும் மாப்ளே, அப்புறம் பொண்ணக் குடுக்கறேன்" என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வேலையை நிரந்தரமாக்குவது பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. அவருக்கு ஒரு பிடிவாதம். இங்கிலீஷ் வகுப்பில் வாத்தியார் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்கூட வரக்கூடாது; எல்லாவற்றையும் நடித்துக் காட்ட வேண்டும். வாத்தியார் சொல்வதைப் பிள்ளைகள் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். (அப்போது அதுதான் நவீன முறையாம்!)

அவர் வந்த அன்று என் பாடம், போட்டியிடுவதைக் குறிக்கும் இங்கிலீஷ் வினைச்சொற்கள். 'காம்பீட்' என்று சொல்லி இரண்டு பையன்களை ஓடவிட்டேன். 'கன்டெண்ட்' என்று சொல்லி இருவரைத் தோளோடு தோள் முட்டவிட்டேன். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். என் காதில் கல்யாண மேளமே கேட்டுவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். (நிறுத்துகிற ஆளா நான்?)

அடுத்த சொல் 'காண்டெஸ்ட்'. ஒரே பொருளுக்கு இருவர் மல்லுக்கட்டுவது. வகுப்பில் மல்லுக்கட்டத் தகுந்த ஒரே பொருள் நாற்காலிதான். இன்ஸ்பெக்டர் எழுந்து வெற்றிலை எச்சில் துப்ப ஜன்னல் பக்கம் போயிருந்தார். சமயம் பார்த்து முனியப்பனையும் மாதையனையும் கூப்பிட்டு, ஆளுக்கொரு பக்கம் நாற்காலியின் கையைப் பிடித்து இழுக்கும்படி சைகை காட்டினேன். இருவரும் பிடித்தால் விடாத ஜாதகம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டர், அதிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஸ்டாப்!" என்றேன்.

"ஸ்டாப்!" என்று வகுப்பே கத்தியது. இழுப்பு பலமானது.

"லீவ் இட்!" என்றேன். அதையும் ராகத்தோடு கத்தினார்கள். 'விடுங்கடா' என்ற சொல் தொண்டைவரை வந்து நிற்கிறது. சொன்னால் வேலை போச்சு, பெண்ணும் போச்சு. கையை ஆட்டி ஆட்டித் தடுத்தேன். அதுவும் பாடம்தான் என்று நினைத்து, மற்றப் பிள்ளைகளும் இரண்டு கட்சியாகப் பிரிந்து வந்து இழுத்தார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு வாசல்வரை போய், திரும்பக் கரும்பலகைவரை வந்தார்.

"அடப் பாவிங்களா, வுடுங்கடா!" என்று கடைசியில் சுத்தத் தமிழில் அலறியது அவர்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் விட்டார்கள். மனிதர் தரையில் கிடந்தார்.

கோட்டைத் தட்டிக்கொண்டு எழுந்தவர் என்னைத் தனியே அழைத்தார். "ஏய்யா, நீயாவது விடச் சொல்லக்கூடாதா?"

"நோ டமில், சார்" என்றேன் பணிவாக.

தான் போட்ட உத்தரவை, தான் கீழே விழுகிறவரைக்கும் காப்பாற்றிய வாத்தியாரை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம். வேலை நிரந்தரமாயிற்று. ஆனால் இங்கிலீஷ் பக்கம் தலைவைத்தும் படுக்கக்கூடாது, தேகப்பயிற்சி டிரில் மட்டும்தான். நான் பயந்துகொண்டே போய் மாமாவிடம் சொன்னேன்.

"டிரில்லுங்கறதும் இங்கிலீஷ்தான மாப்ளே?" என்றார் மாமா. அடுத்த முகூர்த்தத்திலேயே கல்யாணம்.

இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் எதற்காவது இழுபறி செய்தால், நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி குறுக்கே வந்துவிடுவாள்.

"நீங்க சும்மா இருங்க. நான் தமிழ்லயே சொல்லிக்கறேன்."