எஞ்சினை நிறுத்துக் காட்டிய விவரம்

மொரப்பூர்,
12-7-1939

மரியாதைக்குரிய மச்சான் தர்மன் அவர்கள் சமூகத்துக்கு, மொரப்பூர் கடலை மில் எஞ்சின் டிரைவர் மாது எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை கோவிந்தம்மாளும் பிள்ளைகள் ஐவரும் எருமையும் சௌக்கியம். இண்டூரில் தாங்களும் அக்காளும் குழந்தைகளும் எப்படி, மழை பெய்ததா என்பதற்கு எழுதவேண்டியது.

முதலில் தாங்கள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொள்ளலாம். நான் பாஸ். நாங்கள் இண்டூருக்கு வரவில்லை. சர்டிபிகேட் இல்லாத ஆள் இனி எஞ்சினைத் தொடக்கூடாது, பரீட்சையில் தேறாவிட்டால் சேலத்து ஆளை வைத்துக்கொள்வேன், மில் வீட்டைக் காலி செய்துவிடு என்று முதலாளி போன மாதம் சொன்னதும், எருமை உட்பட எட்டு உருப்படி தங்கள் வீட்டுக்கு வந்து சேருவோம் என்று எழுதியிருந்தேன். அதற்குத் தாங்கள், 'பரீட்சைக்கு நன்றாகப் படிக்கவும்' என்று ஒரே வரியில் கார்டு போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் தங்கை ஒரு நாள் பூராவும் பேசவில்லை. எனக்கு வருத்தம் கிடையாது. ஐந்து பிள்ளைகளையும் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பரீட்சை திங்கட்கிழமை, தர்மபுரியில் ஒரு கடலை மண்டிக் கிடங்கில். நடுவில் எஞ்சினை வைத்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே, உத்தரத்திலிருந்து மண்டிக்காரருடைய பெரிய தராசு சங்கிலியில் தொங்கியது. மூலையில் படிக்கற்கள். மேற்பார்வைக்கு வந்திருந்தவர் பச்சியப்பன் என்கிற தொழிற்பள்ளி வாத்தியார். கோட்டும் தலைப்பாகையும் போட்டு, நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். எனக்கு முன்னால் போன மூன்று பேரும் கால் மணிக்கு ஒருத்தராக வெளியே வந்துவிட்டார்கள். நான் பத்து மணிக்கு உள்ளே போனேன். போனதும் அவர் விதியைச் சொன்னார்.

"சந்தேகம் இருந்தா தாராளமா கேக்கலாம். ஆனா நான் விளக்கம் சொல்லப்படாது."

"அப்பறம் எதுக்குங்க கேக்கறது?"

"கேக்கறதுக்குத் தடையில்லே."

கேள்வித்தாளில் மூன்றே வரி. எஞ்சினை ஓட்டிக் காட்டுக என்பது ஒன்று. ஓட்டினேன். எண்ணெய் விடவேண்டிய இடங்களில் விட்டுக் காட்டுக என்பது இரண்டு. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிற வேலை, அதையும் செய்தேன். தாளைக் கையில் எடுத்து மூன்றாவதைப் பார்த்தால், 'எஞ்சினை நிறுத்துக் காட்டுக' என்று போட்டிருக்கிறது. மச்சான், நானோ மில்லில் பிழைக்கிறவன். காலையிலிருந்து சாயந்திரம் வரை என் காதில் விழுவதெல்லாம் இத்தனை மணங்கு, இத்தனை வீசை என்கிற எடைப் பேச்சுத்தான். அண்ணாந்து பார்த்தேன், தலைக்கு மேலே தராசு. சரி, இதற்காகத்தான் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஓடுகிற எஞ்சினை நிறுக்க முடியாதே, அதனால் முதலில் அதை அணைத்தேன்.

"முடிஞ்சுதா?" என்றார் வாத்தியார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லீங்க. நிறுத்துக் காட்டறதுக்கு ரெண்டு ஆளு ஒத்தாசைக்குக் கிடைக்குமுங்களா?"

"அதுக்கு எதுக்கய்யா ஆளு? ஒத்தையாத்தான் செய்யணும்."

"அப்படீன்னா பிரிச்சுக்கலாமுங்களா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, "கேள்வியில இருக்கறபடி செய்யுங்க" என்றார்.

பிரித்தேன். சக்கரத்தைக் கழற்றித் தட்டில் ஏற்றினேன், மூன்று மணங்கு. அதைச் சுவரில் கரியால் எழுதினேன். டாங்கியில் எண்ணெய் இருந்தது. "எண்ணெயோடவா, வடிச்சுட்டுங்களா?" என்று கேட்டேன். "விளக்கம் சொல்லப்படாது" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு விதமாகவும் நிறுத்து எழுதினேன். திருகாணிகளை ஒரு துண்டில் முடிந்து நிறுத்தேன், பிறகு துண்டைத் தனியாக நிறுத்துக் கழித்தேன். மணி பன்னிரண்டு ஆயிற்று, ஒன்று ஆயிற்று. வெளியே முறைக்குக் காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். வாத்தியார் வேர்த்துப்போய் முக்காலியை விட்டு எழுந்திருக்கிறார், உட்காருகிறார், மறுபடி எழுந்திருக்கிறார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. நானும் எதற்கு இந்த மனுஷர் இப்படி நெளிகிறார் என்று நினைத்துக்கொண்டு என் வேலையைப் பார்த்தேன்.

இரண்டு மணிக்குப் பரீட்சை நடத்துகிற மெட்ராஸ் என்ஜினியர் உள்ளே வந்தார். மலையாளத்துக்காரர், தமிழ் பேசுவார், படிக்க வராது. எஞ்சின் சாக்கின் மேல் முப்பது துண்டாகக் கிடந்தது. நான் பிஸ்டனைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "பதினோரு மணங்கு, அஞ்சு வீசை, முப்பது பலம் சார். இது சேராம" என்று சொன்னேன். அவர் என்னிடமிருந்து தாளை வாங்கி வாத்தியாரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். வாத்தியார் வாசித்தார். "நிறுத்துக் காட்டுக-ன்னுதான் சார் இருக்குது. நிறுத்திக் காட்டுக-ன்னு இருக்கணும். அச்சுப் பிழை சார்" என்றார். "நாலு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தீரே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" "விளக்கம் சொல்லப்படாதுன்னு விதி சார்." இனி எந்தப் பரீட்சைக்கும் நீர் வரவேண்டாம் என்று என்ஜினியர் அங்கேயே சொல்லிவிட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மறுபடி பூட்டுவாயா?" என்று கேட்டார்.

பூட்டினேன் மச்சான். ஒரு மணி நேரம். கைப்பிடியைச் சுற்றினேன், எஞ்சின் பேசவில்லை. இரண்டாந்தரம் சுற்றினேன், ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிவிட்டது. பிள்ளைகள் ஐவரும் மூட்டை முடிச்சோடு தங்கள் வாசலில் நிற்பதும், தாங்கள் கதவருகே நிற்பதும் அப்படியே என் கண் முன்னால் தெரிந்தது. மூன்றாந்தரம் பிடித்துக்கொண்டது. எஞ்சின் ஓடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்கிற தைரியத்தில் வாய்விட்டு அழுதேன். இன்றைக்கு வந்தவர்களில் எஞ்சினுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவன் இவன் ஒருத்தன்தான் என்று சொல்லி, என்ஜினியர் அங்கேயே சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போட்டார். பச்சியப்பன் வாத்தியார் வாசல் வரைக்கும் வந்து மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனது பண்ணி, "அச்சுக்காரன் பண்ணுன தப்புக்கு நீங்க என்னங்க செய்வீங்க" என்று தேற்றிவிட்டுத்தான் ரயில் ஏறினேன். மொரப்பூர் வருகிற வரைக்கும் வண்டியில் இருந்த அத்தனை பேருக்கும் அச்சுக்காரனுடைய லட்சணத்தை எடுத்துச் சொன்னேன். முதலாளி சர்டிபிகேட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேற்று ராத்திரிதான் ஒரு மாதத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்காளுக்கு என் நமஸ்காரம். பிள்ளைகள் ஐவரும் மாமன் காலைத் தொட்டுக் கும்பிட்டதாக எழுதச் சொன்னார்கள். தங்கள் குடும்பமும் காடு கழனியும் செழித்திருக்கத் தீர்த்தமலையான் துணை செய்யவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மைத்துனன்,
மாது

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப்போகிற சமயத்தில் ஒரு சங்கதி. சர்டிபிகேட்டோடு கேள்வித்தாளையும் பத்திரப்படுத்தவேண்டும் என்று தங்கள் தங்கை அதிலிருந்த எண்ணெய்க் கறையைத் தவிடு போட்டுத் துடைத்தாள். துடைத்துவிட்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். "இது 'து' இல்லீங்க, 'தி'தானுங்க. மேல இருக்கற சுழியை உங்க கட்டைவிரலு மூடி, அடியில வாலும் போட்டிருக்குது" என்றாள். விளக்கருகில் பிடித்துப் பார்த்தேன். அச்சுக்காரன் பேரில் ஒரு தப்பும் இல்லை. போனால் போகிறது, சும்மா இரு என்றேன். "உங்களையே பாத்துக்கிட்டுச் சோறு தண்ணியில்லாம உக்காந்திருந்தாரே, அந்த மனுசன் என்னங்க பாவம் பண்ணுனாரு? போய்ச் சொல்லிட்டு வந்தாத்தான் இந்த வூட்டுல சோறு" என்று சொல்லிவிட்டாள். என்ஜினியர் வெள்ளிக்கிழமை வரைக்கும் தர்மபுரியில் இருக்கிறாராம். நாளைக் காலை ரயிலில் தாளையும் சர்டிபிகேட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன். சர்டிபிகேட்டில் இரண்டாவது வரி, 'தமிழ் பிழையறப் படிக்கத் தெரிந்தவர்' என்று இருக்கிறது. ஆகையால் மேலே நிம்மதி என்று நான் எழுதியிருக்கிற இடங்களைத் தாங்கள் அடித்துவிட்டுப் படிக்கவும். எதற்கும் தங்கள் வீட்டு மேற்கு அறையை ஒரு தடவை கூட்டிப் பெருக்கி வைக்கவும்.