குடம் சாய்க்கும் படம்

மழை பெய்தால் மன்னருக்கு நன்றி சொல்லியும், பெய்யாவிட்டால் வாயை மூடிக்கொண்டும் பழகிய நாடு ஒன்று இருந்தது. அதன் தலைநகரில் தில்லைவடிவு என்ற சுவர்ச் சித்திரக்காரி வாழ்ந்தாள். புருஷன் போய்ச் சேர்ந்தாயிற்று, பிள்ளை குட்டி கிடையாது. சாரத்திலிருந்து விழுந்ததில் இடுப்பும் போயிற்று. கம்பை ஊன்றிக் கிணற்றடிவரை நடக்கலாம். குடம் தூக்க முடியாது.

கிணற்றடிச் சுவரில், ‘முடியாதவர்களுக்குத் தண்ணீர் தருக, மீறினால் கசையடி’ என்று கொட்டை எழுத்தில் ஓர் ஆணை இருந்தது. அதைப் படித்துத் திருந்தியவர் ஒருவருமில்லை. ஒரு நாள் காரை உதிர்ந்து ஆணையும் உதிர்ந்தது. அந்த இடத்தில் தில்லைவடிவு ஒரு படம் போட்டாள். ஒருவர் குடத்தைச் சாய்க்க, இன்னொருவர் கை குவித்துக் குடிக்கிறார். இருவருக்கும் முகம் போடவில்லை. பார்க்கிறவர்கள் தங்கள் முகத்தையே வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் விட்டாள்.

வைத்துக்கொண்டார்களே! பக்கத்து வீட்டுப் பவுனாம்பாள் தினமும் ஒரு குடம் கொண்டுவந்து இறக்கினாள். இறக்கிய கையோடு உட்கார்ந்து மாமியாரைப் பற்றி ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனாள். தண்ணீரைவிட அந்தப் பேச்சுக்காகத்தான் தில்லைவடிவு வாசலைப் பார்த்துக் காத்திருந்தாள்.

செய்தி அரண்மனைக்கு எட்டியது. நல்லொழுக்க அமைச்சர் குடை சகிதம் வந்து படத்தைப் பார்வையிட்டார்.

“முகமில்லாத தர்மம் அநாதை தர்மம். குடம் சாய்ப்பவருக்கு மாமன்னரின் முகத்தை வரைக.”

“அவரு முகத்த வச்சா, அது அவரு வேலைன்னு சனங்க விட்டுருவாங்க, ஐயா” என்றாள் தில்லைவடிவு.

“அவர் வேலைதானே, அம்மா?”

அவள் தூரிகையை எடுத்தாள். வரைந்தாள். ஜனங்கள் படத்துக்குச் சூடம் காட்டினார்கள். சந்தையில் மயங்கி விழுந்த மூட்டைக்காரனுக்குத் தண்ணீர் தெளித்த ஒருவனை, மன்னரைப் போல நடித்த குற்றத்துக்காகக் காவலர்கள் இழுத்துப் போனார்கள். அதன் பிறகு பவுனாம்பாளின் குடம் இருட்டிய பிறகு வந்தது, பேச்சு வரவில்லை.

அமைச்சர் மறுபடியும் வந்தார். கொடுப்பவருக்கு முகம் உண்டு, வாங்குபவருக்கு இல்லை, அப்படியானால் நன்றி எங்கே போய்த் தங்கும் என்று கவலைப்பட்டார். சுற்றுமுற்றும் பார்த்தவரின் கண் தில்லைவடிவின் மேல் நின்றது.

“உமது முகத்தில் தாகம் நன்றாக அமைந்திருக்கிறது.”

கண்ணாடியைப் பார்த்துத் தன்னையே வரைந்தாள். அந்தப் படம் நாட்டின் எல்லாச் சுவர்களுக்கும் போயிற்று. அவளைத் தெரியாதவர்களே இல்லை. அவள் வீட்டுக்குத்தான் ஒருவரும் வரவில்லை. கம்பும் செம்புமாக அவளே போய், சிந்தியது போகக் கால் செம்பு தண்ணீரோடு திரும்பினாள்.

தாங்கமாட்டாமல் ஒரு நாள் பவுனாம்பாளை வாசலில் மறித்து, ஏன் வருவதில்லை என்று கேட்டேவிட்டாள். பவுனாம்பாளுக்குக் கோபமில்லை, கொஞ்சம் பொறாமைதான்.

“உங்களுக்கென்னக்கா குறை? ராஜாவே கையால ஊத்துறாரு, நாடே பாக்குது. அவரு ஊத்துற எடத்துல நாங்க ஊத்துனா நல்லாவா இருக்கும்?”

‘ஊத்த வேண்டாம், சும்மா வந்து உட்கார்’ என்று சொல்லத் தில்லைவடிவுக்கு வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாம், பாவி.

கோடையில் படம் வெளுத்தது. அரண்மனை ஆட்கள் தூரிகையும் சட்டியுமாக அவள் கதவைத் தட்டினார்கள்.

“ஏம்மா, படத்துல தண்ணி வெளுத்துப்போச்சு. நீலம் கரைக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க.”

எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டுக்குள் மனிதக் குரல்! “உக்காருங்க, உக்காருங்க” என்று பாயை விரித்தாள். செம்பிலிருந்த கால் செம்பையும் அவர்கள் சட்டியில் கவிழ்த்தாள். வேலை கிடக்கிறது என்று சொல்லி அவர்கள் நின்றபடியே போய்விட்டார்கள்.

நீலம் பிரமாதமாக வந்தது. நாட்டில் இனித் தாகமே கிடையாது என்று அன்று சாயங்காலம் தண்டோரா போட்டார்கள். தண்டோராக்காரன் தன் வாசலில் கொஞ்சம் நிற்பான் என்று தில்லைவடிவு கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.