கொள்ளு ஒட்டிய பாட்டுப்பெட்டி

திருச்செங்கோடு வட்டாரத்தில் பிடிவாதத்துக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு கொள்ளு அண்ணனுக்குத்தான். ஆனால், "கையைப் பிடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்று யாராவது வாய்விட்டுவிட்டால், பரிசே வேண்டாம் என்று திரும்பிவிடுவார்.

நான் வேலை பார்த்த, ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி ஆபீசில் அவர் டெலிபோன் ஆப்பரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. எந்த ஊரில் எந்த ரிக் எத்தனை அடி இறங்கியிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். போன் அடிக்காத நேரமெல்லாம் பாட்டு.

முதலாளி ஆசையாக ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தார். அண்ணன் அதை முன்னும் பின்னும் தடவினார்.

"ஏனுங்க, இதுல பட்டன் எங்கீங்க?"

"பட்டனே இல்லீங்க. என்ன பாட்டு வேணும்னு வாயால சொன்னாப் போதும், அதே பாடும்."

"ஒரு பாட்டுக்கு அத்தன பேரு முன்னால இதுகிட்டக் கெஞ்சோணுமாக்கும்? என்ற பாட்ட ஒருத்தரையும் கேக்காம நானே போடோணுமுங்க!"

போன் அன்றைக்கே முதலாளி மேசைக்குத் திரும்பிவிட்டது. அண்ணன் தனியாகச் சேலத்துக்குப் பஸ் ஏறி, தீப்பெட்டி அளவில் ஒரு பாட்டுப்பெட்டி வாங்கி வந்தார். அதில் மேலும் கீழும் அச்சாக ஒரே மாதிரி இரண்டு பட்டன்கள். ஒன்று அடுத்த பாட்டுக்கு, இன்னொன்று பாட்டை அழிக்க. அடுத்த பாட்டுக்கு ஒரு கொள்ளை ஒட்டினார். அழிப்பதற்குப் புளியங்கொட்டை.

"ஏனுங்கண்ணா, அதுக்கு மட்டும் இத்தாப் பெரிய கொட்டை?"

"பட்டதும் வெரலு பயப்படோணுமில்லீங்க தம்பி!"

நாலு வருஷம் தேடித் தேடிப் பாட்டு ஏற்றினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, வாட்ச்மேன் வீட்டுக் கோழி ஆபீசுக்குள் வரும் வரை. ஆடிப்போன கொள்ளையும் கொட்டையையும் புதுசாக ஒட்டி, பசை காயட்டும் என்று பெட்டியை ஜன்னலில் வைத்துவிட்டு அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். கோழி கொள்ளைத் தின்றுவிட்டது, புளியங்கொட்டையைக் கொத்திக் கீழே தள்ளிவிட்டது.

நான் சும்மா இருந்திருக்கலாம். அவர் வருவதற்குள் சரி செய்து நல்ல பேர் வாங்கலாம் என்று பசையை எடுத்தேன். பட்டனில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்து போயிருந்தது. அவர் கையில் பார்த்த ஞாபகத்தில் மேலே கொள்ளு, கீழே புளியங்கொட்டை என்று அழுத்தி ஒட்டினேன். அவர் பெட்டியைத் தலைகீழாகப் பிடிக்கிற ஆள் என்பது எனக்கு எங்கே தெரியும்?

அண்ணன் வந்தார். ஒரு பாட்டுப் பிடிக்கவில்லை, கொள்ளைத் தட்டினார். வேறு பாட்டு வந்தது. அதுவும் வேண்டாம், மறுபடி தட்டினார். அவர் தட்டத் தட்ட ஒவ்வொரு பாட்டாக அழிந்துகொண்டே வந்தது. சாயங்காலம் பெட்டி ஊமையானது.

"தம்பி, என்ற பாட்டெல்லாம் எங்கீங்க?"

அவர் பெட்டியை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். பெட்டிக்குள்ளிருந்து என் குரல் கணீரென்று கேட்டது: "ஒட்டியாச்சுங்கண்ணா! இனி ஒரு கவலையும் இல்லீங்க!" அவரிடம் சொல்வதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே ஒட்டிய வேகத்தில் பக்கவாட்டில் இருந்த ரெக்கார்டு பட்டனையும் சேர்த்து அமுக்கியிருக்கிறேன்.

நடந்ததை ஒப்புக்கொண்டேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார் என்று நின்றேன்.

"கண்ணால பாத்து ஒட்டுனீங்களாக்கும்?"

"ஆமாங்கண்ணா."

"அதானே பாத்தேன்."

என் கண்ணை இறுக மூடச் சொல்லி, மறுபடியும் என்னையே ஒட்ட வைத்தார். முதல் கொள்ளு என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. பாட்டெல்லாம் நானே ஏற்றித் தருகிறேன் என்று எவ்வளவோ கெஞ்சினேன், மனுஷன் மசியவில்லை. மறுபடியும் ஒவ்வொன்றாக அவரேதான் தேடி ஏற்றினார்.

நான் நாமக்கல்லுக்கு வேலை மாறி ஐந்து வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது ஆபீசில் எட்டிப் பார்த்தேன். அண்ணன் பெட்டியைப் போட்டார். முதலில் வந்தது பாட்டு இல்லை. "ஒட்டியாச்சுங்கண்ணா! இனி ஒரு கவலையும் இல்லீங்க!"

"ஐயோ, இத இன்னும் அழிக்கலீங்களா?"

அவர் கட்டைவிரல் புளியங்கொட்டையை ஒருதரம் தொட்டுவிட்டு விலகியது.

"வெரலு பயப்படுதுங்க தம்பி."