நம்பியின் காருக்கு லாரிப் பல் கட்டிய விவரம்

மைசூர்
ஈசுவர வருஷம், மாசி மாதம்

சிரஞ்சீவி நம்பிக்கு அத்திம்பேர் செல்வப்பிள்ளை ஆசீர்வதித்து எழுதியது. திருநாராயணன் கடாட்சத்தில் இங்கே நானும் உன் அக்கா குமுதவல்லியும் மற்றவர்களும் சௌக்கியம். ரங்கூனில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று தினமும் பெருமாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உன் பந்தயக் காரும் சௌக்கியம்தான். முன்பு இருந்த மாதிரி சௌக்கியம் என்று சொல்ல முடியாது, இது வேறு மாதிரி சௌக்கியம். வைகாசியில் நீ லீவில் வந்து கொட்டகைக் கதவைத் திறந்ததும் மூர்ச்சை போட்டு விழக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிவிடுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி.

இப்போது வெயில் தாழ்ந்துவிட்டது. காலையில் பலகாரம் சாப்பிட்டுவிட்டு ஸரஸாவும் மாப்பிள்ளையும் உன் காரில் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பெருமாளைச் சேவிக்கப் போனார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம் என்று ஸரஸா சொல்லிவிட்டுப் போனாள். இன்னும் காணோம். வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்து நடந்து கால் வலித்துப்போய் உனக்கு எழுத உட்கார்ந்தேன். கார் வழியில் நின்றுவிடுமோ என்ற கவலை எனக்கில்லை. அது நிற்கவே நிற்காது. என் கவலை வேறு. கல்யாணமாகி ஒரு மாதத்துக்கு மேலாகிறது, மாப்பிள்ளை சம்பத் நம் ஸரஸாவிடம் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. நாளைக் காலை ரயிலில் அவளைக் குடித்தனத்துக்குப் பெங்களூர் அழைத்துப் போகிறார். நேற்று கொல்லையில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். என்னடி என்று கேட்டேன். "என்னை அவருக்குப் பிடிக்கலை போலிருக்குப்பா. பெரியவா சொன்னான்னு கட்டாயத்துக்குப் பண்ணிண்டிருக்கார்" என்றாள். மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முதலில் கார் விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். போகும்போது நீ என்ன சொன்னாய்? "வாரத்துக்கு ஒருதரம் எஞ்ஜினை ஓட விடுங்கோ அத்திம்பேர், மத்தபடி கையை வைக்காதீங்கோ" என்றாய். நானும் வைக்கவில்லை. தை மாதம் ஸரஸாவுக்கு முகூர்த்தம் நிச்சயமானதும் சம்பந்தியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஜானவாசத்துக்கு மாப்பிள்ளை திறந்த மோட்டாரில்தான் ஊர்வலம் வருவார், குதிரை வண்டியெல்லாம் எங்கள் பந்துக்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று எழுதியிருந்தார். அந்த முகூர்த்தத்தில் ஊரிலிருந்த திறந்த மோட்டார் அத்தனையும் வேறு கல்யாணங்களுக்குப் பேசி முடித்தாகிவிட்டது. நான் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது உன் அக்காதான், "நம்ம நம்பியோட கார் எப்பவும் திறந்துதானே கிடக்கு" என்றாள். ஆகையால் கோபித்துக்கொள்வதானால் அவளிலிருந்து ஆரம்பி.

கொள்ளேகால் லைன் பஸ்களுக்கு ரிப்பேர் வேலை செய்கிற ரத்தினசாமியை டிரைவராக ஏற்பாடு பண்ணினேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று என் தம்பி ஆழ்வார் யோசனை சொன்னான். அவனே நாதஸ்வரக்காரனாகக் குடையை வாயில் வைத்துக்கொண்டு தோடி பாடிக்கொண்டே முன்னால் நடந்தான். பின்னால் ரத்தினசாமி காரைக் கிளப்பினான். இரண்டாவது அடி எடுத்து வைப்பதற்குள் ஆழ்வார் உன் காரின் பானெட் மேல் உட்கார்ந்திருந்தான். தோடியை மட்டும் விடவில்லை. பந்தயத்துக்குப் போகிற காருக்கு ஊர்வலம் போக வராது என்பது எங்களுக்கு எப்படியப்பா தெரியும்? எவ்வளவு மெதுவாக விட்டாலும் முன்னால் போகிற மனிதன் ஓட வேண்டியிருந்தது. கிளட்சைப் பாதி அமுக்கிப் பிடித்தே ஓட்டிப் பார்த்தான், புகை வந்தது. சத்திரத்து மேட்டில் ஏற்றினான், கடகடவென்று ஒரு சத்தம், அதோடு சரி. கியர் பெட்டியைத் திறந்து எண்ணெயை வடித்தால் பல் பல்லாக விழுந்தது.

ரத்தினசாமி ஒரு பல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இது ஓடற வண்டிங்க சாமி. இதைப் போயி நட நடன்னா எப்படி நடக்குமுங்க? எங்க செட்டுல கல்லு ஏத்துன பழைய லாரி ஒண்ணு கெடக்குது. அதோட கியர் பெட்டியவும், பின்னால டிப்ரன்சியலவும் கழட்டி இதுல மாட்டிப்போடலாமுங்க. அப்புறம் நீங்க சொல்ற மாதிரி நடக்கும், ஆமா." டிப்ரன்சியல் என்பது பின்சக்கரம் இரண்டுக்கும் நடுவே உருண்டையாகத் தொங்குமே, அதுதானாம். உனக்குத் தெரிந்திருக்கும், நான் இந்த வயதில் கற்றுக்கொண்டேன். பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை இன்னும் வேகமாகப் போக வைக்கத்தான் பாடுபடுவார்கள். மெதுவாகப் போக வைக்கப் பாடுபட்டவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

லாரிப் பெட்டி பெரிது என்பதால் உன் காரின் அடிப்பலகையைக் கொஞ்சம் அறுக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் என்றால், கீழே ரோடு தெரிகிற அளவுக்கு. மேலே ரப்பர் பாய் போட்டிருக்கிறது, ஒன்றும் தெரியாது. லாரியின் பின் அச்சு அகலமாகையால் பின்சக்கரங்கள் மட்டும் மட்கார்டுக்கு வெளியே வந்து நிற்கின்றன. முன்னாலிருந்து பார்த்தால் உன் கார், பின்னாலிருந்து பார்த்தால் கல் லாரி. பக்கவாட்டில் பார்க்காமல் இருந்துவிட்டால் வித்தியாசம் தெரியாது. முதல் தடவை மாட்டும்போது ரத்தினசாமி டிப்ரன்சியலைத் தலைகீழாக மாட்டிவிட்டான். முன்னால் போகிற கியரைப் போட்டால் கார் பின்னால் போயிற்று. பக்கத்து வீட்டு கௌரம்மாவின் மாட்டுக் கொட்டகைக்குள் போய் இரண்டு பசுக்களுக்கு நடுவே ஒழுங்காக நின்றது. அவள் புல்கட்டோடு வந்து பார்த்துவிட்டு, "ஏன் ஸ்வாமி, இதக்கூ ஹுல்லு ஹாக்லா?" என்றாள். இதற்கும் புல் போடட்டுமா என்கிறாள். ரத்தினசாமி வெட்கப்படவே இல்லை. "ரிவர்சுக்கு மூணு கியரு இருக்கற வண்டி இந்த ஊர்ல வேற ஆருகிட்டயும் இல்லீங்க" என்றான். பிறகு கழற்றித் திருப்பி மாட்டினான்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சின்ன அசௌகரியம் மிஞ்சியது. லாரியின் கியர்த் தடி, டிரைவர் கைக்கு எட்டாமல், இடதுபக்கம் உட்காருகிறவரின் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் முளைத்துவிட்டது. ஓட்டுகிறவர் கிளட்சை அமுக்கிக்கொண்டு சொல்ல வேண்டும், பக்கத்தில் இருப்பவர் தடியை இழுக்க வேண்டும். ஜானவாசத்தன்று ஜரிகைத் தலைப்பாகையும் ரோஜா மாலையுமாக மாப்பிள்ளை அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளைச் சாமி, ஒண்ணு போடுங்க" என்று ரத்தினசாமி சொன்னதும் பேசாமல் போட்டார். தெருவில் நின்று பார்த்தவர்கள், செங்கோல் பிடித்துக்கொண்டு வருகிற வழக்கம் அவர்கள் குடும்பத்தில் உண்டு போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்களாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நம்பி. கார் நடந்தது. நாதஸ்வரக்காரர் நின்றால் நின்றது, அவர் அசைந்தால் அசைந்தது. முனைக்கு முனை நின்று நிதானமாக ஆலாபனை பண்ணினார். சம்பந்திக்குப் பரம திருப்தி. அன்று நீ பக்கத்தில் இல்லையே என்று எனக்குக் குறையாக இருந்தது. பிறகு இல்லாததும் நல்லதுதான் என்று பட்டது.

மாப்பிள்ளை அன்று பேசாததை நான் அடக்கம் என்றே எடுத்துக்கொண்டேன். பிறகும் பேசவில்லை. இந்தத் தடவை வந்து ஒரு வாரமாகிறது. காபி இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று நான் கேட்டால், "வேண்டாம், அவருக்குப் பித்த உடம்பு" என்று ஆழ்வார் சொல்லிவிடுகிறான். ராத்திரி தூக்கம் வந்ததா என்று உன் அக்கா கேட்டு, "கொசு இருந்திருக்கும்" என்று அவளே பதிலும் சொல்லிக்கொள்கிறாள். அவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். படித்த பிள்ளை, மோட்டார் ஓட்டத் தெரியும், வெற்றிலை கூடப் போடுவதில்லை. எங்கே என்ன குறை என்று புரியவில்லை. இரண்டு பேரும் தனியாக எங்கேயாவது போய் வரட்டும் என்று உன் அக்காதான் இன்றைக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தாள். துணைக்கு நானும் வருகிறேன், பின்னால் பெட்டி வைக்கிற இடத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று ஆழ்வார் கிளம்பினான். "சும்மனிரு" என்று அவன் வேஷ்டியைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள். மாப்பிள்ளை வலதுபக்கம் ஏறினார். ஸரஸா புடவையை ஒதுக்கிக்கொண்டு கியர்த் தடிக்கு இரண்டு பக்கமும் காலை வைத்து உட்கார்ந்தாள். முதல் கியரை நானே போட்டு அனுப்பினேன். தெருமுனை திரும்புகிற வரைக்கும் கார் முதல் கியரிலேயே கத்திக்கொண்டு போனது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. இவர் கேட்க மாட்டார், அவளாகப் போட மாட்டாள். அப்படியே பத்து மைல் போனார்களோ என்னவோ, பெருமாளே.

சரி, உனக்கு நான் சொல்ல வந்தது இதுதான். கவலைப்படாதே. உன் பழைய கியர் பெட்டிக்குப் புதுப் பற்கள் பம்பாயிலிருந்து வந்துவிட்டன. பழைய டிப்ரன்சியலையும் துடைத்துச் சாக்கு சுற்றிக் கட்டிலுக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக் காலை இவர்கள் ரயில் ஏறியதும் ரத்தினசாமி வருகிறான். லாரிச் சாமான்களைக் கழற்றிவிட்டு உன்னுடையதை மாட்டி, அறுத்த பலகையைச் சேர்த்து ஆணியடித்து, எப்படி விட்டுப்போனாயோ அப்படியே வைத்துவிடுவான். வைகாசியில் நீ வந்து உட்கார்ந்து பறக்கலாம். இது உன் அத்திம்பேரின் வாக்கு. திருநாராயணன் உனக்கு நீண்ட ஆயுளையும், இதைப் படித்து முடிக்கப் பொறுமையையும், இந்த வருஷமாவது ஒரு நல்ல இடத்துச் சம்பந்தத்தையும் அருளட்டும். உன் அக்காவின் ஆசீர்வாதம் இதில் அடக்கம். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்கிறாள்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
செல்வப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். ஸரஸா முகத்தைப் பார்த்ததுமே எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதியை உன் அக்காவிடம் சொல்லியிருக்கிறாள், அவள் என்னிடம் சொன்னாள். ஊர் எல்லை தாண்டியும் கார் முதல் கியரில் கத்திக்கொண்டே போனதாம். எஞ்ஜின் கொதிக்க ஆரம்பித்த பிறகு மாப்பிள்ளை கிளட்சை அமுக்கிவிட்டு, வெகு நேரம் கழித்து, "ரெண்டு" என்றாராம். மனைவியிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வார்த்தை எடுக்கக் கொஞ்சம் நேரம் பிடிக்குமாம். அது அவளுக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்துதான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். நம் வீட்டிலோ திறந்தாலும் வழியில்லை. அந்தக் காரில் வழியெல்லாம் நேரம், குறுக்கே பேச ஆளில்லை. போகும்போது ஆரம்பித்த பேச்சு திரும்பும்போதும் முடியவில்லை என்று கண்ணம்பாடி அணை வழியாகச் சுற்றி வந்தார்களாம்.

சாப்பிடும்போது மாப்பிள்ளை என்னைப் பார்த்து "மாமா" என்றார். ஆழ்வார், "ரசமா?" என்று வாயெடுத்தான். ஸரஸா பார்த்த பார்வையில் அடங்கிவிட்டான். எல்லோரும் இலையில் கையை வைத்தபடி காத்திருந்தோம். "ரயில் வேண்டாம். இந்தக் காரிலேயே பெங்களூர் போறோம்" என்று அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் ஒருவரும் மூச்சு விடவில்லை. உன் கார் என்பது எனக்கு நினைவு இருந்தது. இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். ரத்தினசாமியை வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியாயிற்று. வைகாசியில் கொட்டகையைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. கோபம் தீரவில்லையானால் பெங்களூருக்குப் போய் மாப்பிள்ளையிடமே கேள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். நடுவில் பேசாதே.